ஒரே கிணற்று நீர், அவருக்கு மட்டும் ஏன் கல்லீரலில் கட்டி?

டெல்டா மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

கூட்டுக் குடும்பம். கணவர், மாமியார், கொழுந்தன், ஐந்து மாதக் கர்ப்பிணியான கொழுந்தன் மனைவி, இவர் என ஐந்து பேர். மூன்று மாதங்களுக்கு முன் 41 வயதான கணவருக்கு விடாத காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியும் வந்தன. வயிற்றுப்போக்கு இல்லை. ஸ்கேனில் கல்லீரலின் வலப்பகுதியில் 9 செ.மீ. அளவில் சீழ்க்கட்டி தெரிந்தது. அமீபாவால் வந்தது என்றார்கள். குழாய் வைத்துச் சீழை வெளியேற்றி, 10 நாள் மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். வீடு திரும்பும்போது டைலாக்சனைட் என்ற இன்னொரு மாத்திரையையும் 10 நாளுக்கு எழுதித் தந்தார்கள். காய்ச்சல் போய்விட்டது, பசியும் எடுக்கிறது என்று கணவர் அதை வாங்கவே இல்லை. சென்ற வாரம் எடுத்த ஸ்கேனில் இன்னும் 4 செ.மீ. குழி இருப்பதாக எழுதியிருப்பதைக் கண்டு வீடே பதறிப் போயிருக்கிறது.

இதற்கிடையே வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். மாமியாருக்கும் கொழுந்தனுக்கும் ‘அமீபா சிஸ்ட் காணப்படுகிறது’ என்று வந்திருக்கிறது. இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. வாசகி கேட்கிறார்: “ஒரே கிணற்று நீர், ஒரே சோறு. அவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கடுமை? எதிர்ப்பு சக்தி குறைவா? சத்துப் பொடி கொடுக்கலாமா? இந்தக் கிருமியின் நொதிதான் (என்சைம்) கல்லீரலைக் கரைக்கிறது என்று படித்தேன். கொழுந்தன் செரிமானத்துக்காக என்சைம் மாத்திரை சாப்பிடுகிறார், அது கிருமிக்குத் துணை போகுமா? நொதியைத் தடுக்கும் மருந்து உண்டா? எல்லோரும் மாத்திரை சாப்பிட வேண்டுமா?” கடைசியாக ஒரு வரி: “சமைப்பது நான்தான். என் கையால்தான் வந்தது என்று மாமியார் சொல்கிறார்.” மாமியார் மூட்டு வலிக்காகச் சந்தையில் வாங்கும் ஒரு பொடியைச் சாப்பிடுவதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவரைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்கு அதிகக் கவலை தருபவர் உங்கள் மாமியார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், கணவர் வாங்காமல் விட்ட அந்த மாத்திரை.

முதல் மருந்து கட்டிக்கு, இரண்டாவது குடலுக்கு

அமீபா இரண்டு உருவங்களில் வாழ்கிறது. தடித்த ஓட்டுக்குள் அடங்கியிருப்பது சிஸ்ட். வெளியே, ஈரமான மண்ணிலும் தண்ணீரிலும் பல நாள் தாக்குப்பிடிப்பது இதுதான். நாம் விழுங்கிய பிறகு சிறுகுடலில் ஓடு திறந்து, ஊர்ந்து இரை தேடும் உருவம் வெளிவருகிறது. அது பெருங்குடலில் தங்கி, பெரும்பாலும் அங்குள்ள பாக்டீரியாக்களைத் தின்று பிழைக்கிறது. சிலரிடம் மட்டும் குடல் சுவரைத் துளைத்து, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைகிறது. அந்த ரத்தத்தில் பெரும்பகுதி வலப்பக்கத்துக்குப் போவதால் கட்டியும் பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே வருகிறது. கல்லீரலில் கட்டி தோன்றும் வேளையில் பலருக்கு வயிற்றுப்போக்கே இருப்பதில்லை. உங்கள் கணவருக்கும் இல்லாமல் இருந்ததில் வியப்பில்லை.

மெட்ரோனிடசோல் வேலை செய்யும் விதம் நொதிகளைப் பற்றிய உங்கள் கேள்வியோடு தொடர்புடையது. உள்ளே போகும்போது அது அமீபாவுக்கு நஞ்சு அல்ல. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வாழ்வதற்காக அமீபா வைத்திருக்கும் சொந்த நொதிகளே அந்த மருந்தை நஞ்சாக மாற்றுகின்றன. நம் உயிரணுக்களில் அத்தகைய நொதி அமைப்பு இல்லாததால் நமக்கு அந்தத் தீங்கு நேர்வதில்லை. கல்லீரலில் இருக்கும் அமீபாவை இந்த மருந்து மிக நன்றாகக் கொல்கிறது. ஆனால், விழுங்கியதும் மேல்குடலிலேயே ரத்தத்தில் கலந்துவிடுவதால் பெருங்குடலின் உட்புறத்தில் போதிய அளவு எஞ்சுவதில்லை. எனவே, கட்டி குணமான பலரிடம், ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், குடலுக்குள் அமீபா தொடர்ந்து வாழ்கிறது. அதற்காகத்தான் குடலின் உட்புறத்திலேயே வேலை செய்யும் இரண்டாவது மருந்து. நம் நாட்டில் வழக்கமாகக் கொடுப்பது டைலாக்சனைட் ஃப்யூரோயேட், 10 நாள். பாரோமோமைசின் என்ற வேறொன்றும் உண்டு.

இதைச் சாப்பிடாமல் விட்டால் இரண்டு ஆபத்துகள் உண்டு. பல மாதம் கழித்து மீண்டும் கட்டி வரலாம். அதுவரை அவரிடமிருந்து சிஸ்ட் வெளியேறிக்கொண்டே இருந்து வீட்டில் மற்றவர்களுக்குப் பரவலாம். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். இந்த வாரமே அவருக்கு மருத்துவம் செய்தவரிடம் போய், “இரண்டாவது மருந்தைச் சாப்பிடவில்லை” என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். இதைச் சொல்லத் தயங்கித்தான் பலரும் திரும்பப் போவதில்லை.

ஸ்கேனில் தெரியும் 4 செ.மீ. குழியை நினைத்துப் பதற வேண்டாம். கிருமி செத்த பிறகும் அந்தக் குழி மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆறு, ஒன்பது மாதம் ஆனவர்கள் நிறையப் பேர். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது என்றால் 9 செ.மீ. 4 ஆனது நல்ல செய்தி. ஸ்கேன் அளவை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் குழாய் வைக்கவோ அறுவை செய்யவோ கேட்காதீர்கள். ஆனால் மீண்டும் காய்ச்சல், வலது தோள்பட்டைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், சாக்லேட் நிறச் சளி, திடீரென்று வயிறு முழுவதும் கடும் வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘எதிர்ப்பு சக்தி குறைவு’ என்பது ஏன் சரியான விடை இல்லை

ஒரே தண்ணீரைக் குடித்தவர்களில் ஒருவர் மட்டும் விழுவது ஏன் என்ற கேள்வி மருத்துவத்தில் நூறாண்டுப் பழமை உடையது. 1913இல் வாக்கர், செல்லார்ட்ஸ் என்ற இருவர் மணிலாவில் சிறைக் கைதிகள் 20 பேருக்கு அமீபா சிஸ்ட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத, அனுமதிக்கக் கூடாத சோதனை அது. 18 பேரின் குடலில் அமீபா குடியேறியது. சீதபேதி வந்தது 4 பேருக்குத்தான். உங்கள் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

விடையின் முதல் பாதி கிருமியிலேயே இருக்கிறது. பிரான்சின் எமில் புரூம்ட் 1925இலேயே, உருவத்தில் ஒன்றாகத் தெரியும் இந்த அமீபா உண்மையில் இரண்டு இனங்கள், ஒன்று நோய் தரும், மற்றது தராது என்று சொன்னார். நுண்ணோக்கியில் வேறுபாடு தெரியாததால் யாரும் ஏற்கவில்லை. 1978இல் லண்டனில் சார்ஜியன்ட், வில்லியம்ஸ் இருவரும் அமீபாக்களின் நொதிகளை ஜெல்லில் பிரித்துப் பார்த்தபோது, நோயாளிகளிடமிருந்து எடுத்தவை ஒரு வகையாகவும் நோயில்லாதவர்களிடம் எடுத்தவை பெரும்பாலும் வேறு வகையாகவும் தெரிந்தன. 1993இல் அவை இரண்டு தனி இனங்களாக முறைப்படி பிரிக்கப்பட்டன: நோய் தரும் எண்டமீபா ஹிஸ்டாலிடிக்கா, தீங்கற்ற எண்டமீபா டிஸ்பார். பிறகு மோஷ்கோவ்ஸ்கி என்ற மூன்றாவது இனமும் மனிதர்களிடம் காணப்பட்டது. புதுச்சேரி ஜிப்மரில் நடந்த ஆய்வுகள் இது நம் பகுதி மக்களிடமும் இருப்பதைக் காட்டின. மூன்றின் சிஸ்ட்டும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே உங்கள் மாமியார், கொழுந்தன் இருவருடைய அறிக்கையில் இருக்கும் ‘அமீபா சிஸ்ட்’ என்ற சொல்லை வைத்து, உங்கள் கணவரிடம் இருந்த அதே கிருமி அவர்களிடமும் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அவர்களுடையது டிஸ்பாராக இருக்கலாம். அப்படியானால் அவர்களை “எதிர்ப்பு சக்தி மிகுந்தவர்கள்” என்று பாராட்டவும் வேண்டியதில்லை, உங்கள் கணவரைக் குறைத்துப் பேசவும் வேண்டியதில்லை.

அந்த நொதிகள் என்ன செய்கின்றன

நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. ஹிஸ்டாலிடிக்காவிடம் புரதத்தை வெட்டும் நொதிகள் பல இருக்கின்றன. இவற்றுக்கான மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 50. சிஸ்டீன் புரோட்டியேஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை இவற்றில் முதன்மையானவை. ஆய்வகத்தில் வளர்க்கும் அமீபாவில் இந்தக் குடும்பத்தின் வெட்டும் வேலையில் ஏறத்தாழ 90 சதவீதத்தை 1, 2, 5 என்று எண்ணிட்ட மூன்று நொதிகளே செய்கின்றன. இவற்றில் ஐந்தாம் எண் நொதி அமீபாவின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. டிஸ்பாரில் இந்த மரபணு பழுதடைந்து, வேலை செய்யாத நிலையில் கிடக்கிறது. நிரபராதியான அமீபாவுக்கும் ஆபத்தான அமீபாவுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடுகளில் இது ஒன்று.

நம் பெருங்குடலின் உட்புறத்தைச் சளிப்படலம் மூடியிருக்கிறது. மியூசின் என்ற புரதம் வலைபோலப் பின்னியதால் அது உறுதியாக நிற்கிறது. அமீபா முதலில் இந்தச் சளியின் சர்க்கரைகளைத் தன் மேற்பரப்பிலுள்ள லெக்டின் என்ற புரதத்தால் பற்றிக்கொள்கிறது. பல பேரிடம் கதை இதோடு முடிந்துவிடும். சளியைப் பற்றிக்கொண்ட அமீபா அதனோடே வாழ்ந்து, அதனோடே வெளியேறிவிடும். எங்கே அந்த நொதிகள் மியூசினை வெட்டி வலையை அவிழ்க்கின்றனவோ, அங்கே அமீபா குடல் சுவரைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் உயிரணுக்களைச் சிறுசிறு துண்டுகளாகக் கடித்தே கொல்கிறது. இது 2014இல்தான் தெரியவந்தது. உயிரணுக்களைப் பிணைத்து நிறுத்தும் கொலாஜன் போன்ற புரதங்களையும் நொதிகள் வெட்டிவிடுவதால் உள்ளே போக வழி திறக்கிறது.

நம் எதிர்ப்பு மண்டலத்தின் கருவிகளையும் இதே நொதிகள் வெட்டுகின்றன. குடலில் சுரக்கும் ஐ.ஜி.ஏ., ரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதங்களைத் துண்டாக்குகின்றன. கிருமி வந்துவிட்டது என்று செய்தி சொல்லும் இன்டர்லூக்கின் 18 என்ற புரதத்தை முதிர்வதற்கு முன்பே சிதைக்கின்றன. ரத்தத்தில் கிருமிகளைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் என்றொரு புரதத் தொகுதி உண்டு. அதில் சி3 என்ற புரதத்தை நம் உடலின் சொந்த நொதி எந்த இடத்தில் வெட்டுமோ, சரியாக அதே இடத்தில் அமீபாவின் நொதியும் வெட்டுகிறது. இதனால் தாக்குதல் அமீபாவின் மீதே தொடங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தாக்குதலில் பிறந்து மற்ற அணுக்களை அழைக்கும் சிறு துண்டுகளையும் அமீபா அடுத்து வெட்டிப் பயனற்றதாக்குகிறது. தன் மேற்பரப்பில் காம்ப்ளிமென்ட் துளை போடுவதை அதே லெக்டின் புரதத்தால் தடுத்தும் விடுகிறது. மேக்ரோஃபேஜ் என்ற நம் எதிர்ப்பு அணுக்கள் அமீபாவைக் கொல்ல நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கின்றன. அதற்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் தேவை. ஆர்ஜினேஸ் என்ற வேறொரு நொதியால் அமீபா அதே ஆர்ஜினினைத் தனக்காகச் செலவிட்டுவிடுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைச் சொல்லும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை: ஒற்றை உயிரணு இது.

இனி, நீங்கள் படித்த கட்டுரை சொல்லாமல் விட்ட மறுபாதி. கல்லீரல் கட்டியில் எல்லாச் சேதத்தையும் அமீபாவே செய்வதில்லை. குழாய் வழியாக வெளிவந்த அந்தப் பழுப்பு நிறச் சீழில் தேடினால் அமீபா பெரும்பாலும் கிடைக்காது. கட்டியின் ஓரத்தில், அதுவும் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அமீபாவைக் கொல்ல விரையும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அதனிடம் சிக்கிச் சிதையும்போது, அவற்றுக்குள் இருக்கும் கடுமையான பொருட்கள் சுற்றியுள்ள கல்லீரல் அணுக்களின் மீது கொட்டுகின்றன. வளைக்குள் இருக்கும் எலியைப் பிடிக்க வரப்பையே வெட்டிச் சாய்ப்பது போன்ற வேலை இது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் எலிகளில் செய்த சோதனைகளில், மோனோசைட் என்ற எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர்வதைத் தடுத்தபோது கல்லீரல் சேதம் குறைந்தது. டெஸ்டோஸ்டிரோன் இந்தப் பாதிப்பைக் கூட்டுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள்.

மனிதர்களிலும் நிலைமை இதோடு ஒத்துப் போகிறது. அமீபா கல்லீரல் கட்டி பெண்களைவிட ஆண்களுக்கு ஏழு முதல் பத்து மடங்கு அதிகம், அதுவும் உடல் உறுதியாக இருக்கும் நடுவயதில். பெண்களின் குடலில் அமீபா குறைவாக இருப்பதால் அல்ல. ஆக, “எதிர்ப்பு சக்தி இல்லாததால் வந்தது” என்று உங்கள் கணவரைப் பற்றிச் சொல்வது தவறு. அவருடைய எதிர்ப்பு மண்டலம் வேலை செய்தது. அந்த வேலையின் ஒரு பகுதி அவருக்கே காயமாக முடிந்தது.

பரம்பரை வேறுபாடும் உண்டு. வங்கதேசத் தலைநகர் டாக்காவின் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அமீபாவின் லெக்டினுக்கு எதிரான ஐ.ஜி.ஏ. குடலில் இருந்த குழந்தைகளுக்குத் தொற்று குறைவாக வந்தது. லெப்டின் ஹார்மோனை ஏற்கும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தவர்களுக்குத் தொற்று அதிகம் வந்தது என்று 2011இல் வெளியிட்டார்கள். பிறவியிலேயே வரும் இந்த வேறுபாட்டை எந்தச் சத்துப் பொடியும் மாற்றாது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கும் பொடிகளுக்குச் செலவிடும் பணத்தை டைலாக்சனைட் மாத்திரைக்கும் முட்டைக்கும் பருப்புக்கும் செலவிடுங்கள். மெலிந்து போனவருக்கு வேண்டியது நல்ல சாப்பாடு.

அவர் மது அருந்துவார் என்று ஒரு வரியில் எழுதி, உடனே “எப்போதாவதுதான்” என்றும் சேர்த்திருக்கிறீர்கள். குற்றம் சாட்டுவதற்காக இதை எடுக்கவில்லை. மதுவுக்கும் இந்தக் கட்டிக்கும் உள்ள தொடர்பு பல நாட்டு ஆய்வுகளில் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் ஆராய்ந்தபோது நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருமே ஆண்கள், பெரும்பாலோர் கள் குடிப்பவர்கள். குழி மூடும் வரையாவது அவர் முற்றிலும் விட்டுவிடட்டும். மெட்ரோனிடசோல் மீண்டும் தர நேர்ந்தால், அந்த நாட்களிலும் அதற்குப் பிறகு மூன்று நாட்களும் ஒரு துளி கூடாது.

என்சைம் மாத்திரையும் நொதித் தடுப்பு மருந்தும்

கொழுந்தன் சாப்பிடும் செரிமான மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் பெப்சினும், பூஞ்சையிலிருந்து எடுக்கும் டயஸ்டேஸும். அவை இரைப்பையில் உள்ள புரதத்தையும் மாவையும் செரிக்க உதவுபவை. அமீபாவின் நொதியோடு அவற்றுக்கு எந்த உறவும் இல்லை. கிருமிக்கு அவை துணை போகாது. நொதி என்றாலே தீங்கு என்று எண்ண வேண்டாம். நாம் சாப்பிட்ட சோறு செரிப்பதும் நொதிகளால்தான். ஆனால் 30 வயதுக்காரர் தினமும் அந்த மாத்திரையை ஏன் சாப்பிடுகிறார்? வயிறு உப்புசம் நாள்பட்டு இருக்கிறதென்றால் அவரைத் “தொந்தரவே இல்லாதவர்” என்று எழுதியது சரியில்லை. அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அமீபாவின் நொதியைத் தடுக்கும் மருந்து ஆய்வகத்தில் உண்டு, மருந்துக் கடையில் இல்லை. 1999இல் இந்த நொதிகளின் உற்பத்தியைக் குறைத்த அமீபாக்களை வெள்ளெலிகளின் கல்லீரலில் செலுத்தியபோது கட்டி சரியாக உருவாகவில்லை. நொதியை அடைக்கும் வேதிப்பொருட்களும் எலிகளில் பலன் தந்தன. மூட்டு வாதத்துக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் வந்த ஆரனோஃபின் என்ற தங்கம் கலந்த மருந்து, அமீபாவின் வேறொரு நொதியை முடக்கிக் கொல்வதாக 2012இல் கண்டறிந்தார்கள். இதெல்லாம் எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் இன்று உங்கள் கணவருக்கு வேண்டிய மருந்துகள் கையில் இருக்கும்போது, இணையத்தில் ‘நொதித் தடுப்பான்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

உங்கள் மாமியாரின் பொடி

கடிதத்தில் என் கண் நின்ற இடம் இதுதான். பெயரும் சேர்மானமும் அச்சிடாத பொட்டலம், சாப்பிட்ட மறுநாளே மூட்டு வலி போய்விடுகிறது, முகம் சற்று உப்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் மாமியாரின் பொடியில் இருக்கிறதா என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் இருக்கக்கூடும் என்று வைத்துத்தான் நடக்க வேண்டும்.

காரணம் இது. ஸ்டீராய்டு எதிர்ப்பு மண்டலத்தை அடக்குகிறது. குடலில் அமைதியாக இருக்கும் அமீபா டிஸ்பாராக இருந்தால் பிழைத்தோம். ஹிஸ்டாலிடிக்காவாக இருந்தால், அடங்கிய எதிர்ப்பு மண்டலத்தின் முன் அதன் நொதிகளுக்குத் தடையே இல்லை. குடல் சுவர் ஓட்டையாகும் அளவுக்குக் கடுமையான பெருங்குடல் அழற்சி வரலாம். அது உயிருக்கே ஆபத்தானது. குடல் அழற்சி நோய் என்று தவறாகக் கருதி, அமீபாவைத் தேடிப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுத்து இறந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவுகள் உண்டு. உங்கள் கணவரிடம் எதிர்ப்பு மண்டலம் கூடுதலாகக் கொந்தளித்ததும் கேடு, மாமியாரிடம் அது அடங்கிப்போவதும் கேடு. ‘எதிர்ப்பு சக்தி’ என்று ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்பது இதனால்தான் உதவுவதில்லை.

அதே நேரம், பயந்துபோய்ப் பொடியை நாளையே நிறுத்திவிடவும் கூடாது. பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். அப்படியே சர்க்கரை அளவையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அதுவரை மலத்தில் ரத்தமோ சளியோ வந்தால், வயிறு கல்போல இறுகினால், காத்திருக்க வேண்டாம்.

யார் மாத்திரை சாப்பிட வேண்டும்

எல்லோருக்கும் ஒரே மாத்திரைப் பட்டை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். எந்த இனம் என்று தெரியாமல், தொந்தரவு இல்லாதவருக்கு மருந்து தர வேண்டாம் என்பதே 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. ஹிஸ்டாலிடிக்கா என்று உறுதியானால், தொந்தரவே இல்லாவிட்டாலும் குடலுக்கான மருந்தைச் சாப்பிட்டே ஆக வேண்டும். மலத்தில் ஹிஸ்டாலிடிக்காவின் ஆன்டிஜென் (அதன் அடையாளப் புரதம்) இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையோ, அதன் மரபணுவைத் தேடும் பி.சி.ஆரோ இதைச் சொல்லும். ஆன்டிஜென் பரிசோதனைகளில் சில இரண்டு இனங்களையும் பிரிக்காது. “ஹிஸ்டாலிடிக்காவை மட்டும் தனியாகக் காட்டுமா?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் பரிசோதனை இதற்கு உதவாது. எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் அது ஆண்டுக்கணக்கில் நேர்மறையாகவே காட்டும்.

அந்தப் பரிசோதனை உங்கள் பகுதியில் கிடைக்காவிட்டால், வீட்டில் ஒருவருக்கு உறுதியான கல்லீரல் கட்டி வந்திருப்பதைச் சொல்லுங்கள். அதைக் கணக்கில் கொண்டு கொழுந்தனுக்கும் மாமியாருக்கும் சிகிச்சை தருவதா என்று மருத்துவர் முடிவு செய்யலாம். மாமியார் விஷயத்தில் நானாக இருந்தால் சிகிச்சையின் பக்கமே சாய்வேன்.

உங்கள் ஓரகத்திக்குச் சிஸ்ட் காணப்படவில்லை என்பது நிம்மதி. ஆனால் ஒருநாள் மலத்தில் இல்லையென்றால் இல்லவே இல்லை என்று பொருளாகாது. கர்ப்ப காலத்தில் குடல் அமீபா கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதால், வேறு வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கொடுத்துப் பார்ப்பது நல்லது. மருந்து வேண்டுமா, எது என்பதை மகப்பேறு மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். உங்கள் கணவரின் மருந்துச் சீட்டை அவருக்குப் பயன்படுத்தக் கூடாது.

மருத்துவமனை சீழ்ப் பரிசோதனை முடிவையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் தரவில்லை என்கிறீர்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. அது உங்கள் உரிமை. கல்லீரல் கட்டி பாக்டீரியாவாலும் வரும், சர்க்கரை நோயாளிகளுக்குக் குறிப்பாக. அமீபாதான் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதை அந்த அறிக்கைகளே காட்டும். அடுத்து எங்கே போனாலும் அவை வேண்டும்.

உங்கள் கையால் வந்ததா

சிஸ்ட்டை விழுங்கிய நாளுக்கும் கட்டி தெரிந்த நாளுக்கும் இடையே சில வாரங்கள், சில மாதங்கள், சிலரிடம் ஆண்டுகளே ஓடிவிடும். உங்கள் கணவர் வேலைக்குப் போன ஊர்களில் குடித்த தண்ணீர், கடையில் சாப்பிட்ட சட்னி, திருவிழாவில் குடித்த மோர் என எதுவாகவும் இருக்கலாம். 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு ஹோட்டல்களின் பழுதான குழாய்களில் கழிவுநீர் குடிநீரோடு கலந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அமீபா தொற்றியது. அங்கே சமையல்காரர்கள் செய்த பிழை அல்ல அது. உங்கள் மலப் பரிசோதனையில் எதுவும் இல்லை. மாமியாருடையதில் இருக்கிறது. இதைச் சொல்லி அவரைப் பதிலுக்குக் குற்றம் சாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. யார் மீதும் சுட்டிக்காட்ட வழி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவர் நம்ப மறுத்தால் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் குழி நிரம்பிக் கிணற்றுப் பக்கம் கசிகிறதா என்று ஊராட்சியில் சொல்லிப் பரிசோதிக்கச் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். குடிநீருக்குப் போடும் அளவு குளோரினில் சிஸ்ட் சாவதில்லை. குடிக்கும் தண்ணீர் கொதிநிலைக்கு வந்து ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். பச்சையாகச் சாப்பிடும் கீரை, வெள்ளரி, கொத்தமல்லியை அதே கொதித்து ஆறிய நீரில் கழுவுங்கள். கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு சோப்புப் போட்டு, நகக்கண் வரை, ஐந்து பேரும் கை கழுவ வேண்டும். சமைப்பவர் மட்டும் கழுவினால் போதாது.

கணவர் இரண்டாவது மருந்தை முடித்த பிறகு சில வாரம் விட்டு மலப் பரிசோதனையையும், மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கேனையும் எடுத்துப் பாருங்கள். மாமியாரை மட்டும் அதுவரை காத்திருக்க வைக்காமல், இந்த வாரமே அழைத்துப் போய்விடுங்கள்.